உலகத்தின் முடிவா, யுகத்தின் முடிவா? மொழிபெயர்ப்பும் கடைசிக்கால நம்பிக்கையும்

1816ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், லோ ஹாம்ப்டன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த வில்லியம் மில்லர் என்ற உழவர் விவிலியத்தை முதல் வசனத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்கினார். 1812இல் மூண்ட போரில் பங்கேற்றவர். கடவுள் உலகைப் படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார் என்னும் கொள்கையில் சில காலம் ஊறிக் கிடந்து, பின்பு மனம் மாறியவர். உரைநூல்களை அவர் ஒதுக்கிவைத்தார். அவருக்குத் துணையாக இருந்தவை இரண்டு நூல்களே: 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் ஆங்கில விவிலியமும், அலெக்சாண்டர் க்ரூடன் தொகுத்து 1737இல் வெளிவந்த சொல்லடைவும். ஒரு வசனத்தில் புரியாத சொல் வந்தால், அதே சொல் வேறெங்கெல்லாம் வருகிறது என்று சொல்லடைவில் தேடுவார். எல்லா இடங்களையும் ஒப்பிட்டுப் பொருள் காண்பார். விவிலியத்துக்கு விவிலியமே உரை என்பது அவருடைய கொள்கை.

நேர்மையான முறைதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. க்ரூடனின் சொல்லடைவு ஆங்கிலச் சொற்களின் அடைவு. எபிரேயத்தில் இருவேறு சொற்களை மொழிபெயர்ப்பாளர் ஒரே ஆங்கிலச் சொல்லால் பெயர்த்திருந்தால், அடைவில் அவை உடன்பிறந்தவைபோல் அருகருகே நிற்கும். எபிரேயத்தில் ஒன்றாக இருந்த சொல்லை இடத்துக்கு ஒன்றாகப் பெயர்த்திருந்தால், அவற்றுக்கிடையே உள்ள உறவு மறைந்துபோகும். மில்லர் விவிலியத்தோடு விவிலியத்தை ஒப்பிடுவதாக எண்ணினார். அவர் ஒப்பிட்டது ஒரு மொழிபெயர்ப்பை அதே மொழிபெயர்ப்போடு.

தானியேல் நூலின் எட்டாம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. எருசலேமின் திருத்தலம் மிதிபடுவது எதுவரை நீடிக்கும் என்ற வினாவுக்கு 14ஆம் வசனம் விடை தருகிறது. எபிரேய மூலத்தில் அந்தக் கால அளவு 'மாலை, காலை' என்னும் இரு சொற்களாலும் 2300 என்னும் எண்ணாலும் சொல்லப்படுகிறது. நாள்தோறும் மாலையிலும் காலையிலும் செலுத்தப்பட்ட பலிகளை இது குறிப்பதாகக் கொண்டால், 2300 பலிகள் 1150 நாள்களில் முடியும். கி.மு. 167இல் அந்தியோக்கு எப்பிபானு ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியது முதல் கி.மு. 164இல் அது மீண்டும் அர்ப்பணிக்கப்பட்டது வரையிலான காலத்துக்கு இது ஏறத்தாழ நெருங்கி வரும். கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பாளர்களோ உரைக்குள் 'நாள்கள்' என்று எழுதி, 'மாலை, காலை' என்பதை ஓரக்குறிப்பில் வைத்தனர். நாள் என்று ஆகிவிட்டால், தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் ஓர் ஆண்டைக் குறிக்கும் என்ற பழைய விதியைப் பொருத்துவது எளிது. 2300 நாள்கள் 2300 ஆண்டுகளாயின. பாரசீக மன்னன் அர்த்தசஷ்டாவின் கட்டளை பிறந்த கி.மு. 457இலிருந்து எண்ணிய மில்லர், ஏறக்குறைய 1843இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்ற முடிவுக்கு 1818இலேயே வந்துவிட்டார். 1831இல் அதை ஊரறியச் சொல்லத் தொடங்கினார்.

அதே வசனத்தின் இறுதியில் இன்னொரு சொல் இருக்கிறது: 'நிட்ஸ்தாக்'. நீதி, நேர்மை ஆகிய பொருள்களைத் தரும் வேரிலிருந்து பிறந்தது. திருத்தலம் தனக்குரிய நிலைக்கு மீட்கப்படும், அதற்கு நியாயம் கிடைக்கும் என்பது அதன் நேர்ப்பொருள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதைத் 'தூய்மையாக்கப்படும்' என்று பெயர்த்தது. இலத்தீன் அதைப் பின்பற்றியது. ஆங்கிலமும் அவ்வழியே சென்றது. லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் பாவநிவாரண நாளன்று மக்களைத் தூய்மையாக்குவது பற்றி வரும் சொல் முற்றிலும் வேறு வேரைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாயின. 1843இல் தொடங்கிய மில்லரின் ஆண்டு 1844 வசந்தத்தில் ஒன்றும் நிகழாமல் கழிந்தபோது, சாமுவேல் ஸ்னோ என்பவர் இந்த இணைப்பைப் பற்றிக்கொண்டார். திருத்தலம் தூய்மையாவது பாவநிவாரண நாளில் என்றால், யூத நாள்காட்டியின் ஏழாம் மாதம் பத்தாம் நாளே அந்த நாள். பழைய கராயிதர் கணக்கில் அது 1844 அக்டோபர் 22.

அந்நாளுக்காகச் சிலர் பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டனர். சிலர் கடன்களைத் தீர்த்துவிட்டுக் காத்திருந்தனர். சூரியன் மறைந்தது, மறுநாள் மீண்டும் உதித்தது. வரலாற்றில் அது பெரும் ஏமாற்றம் என்ற பெயரைப் பெற்றது. மில்லர் 1849இல் இறந்தார். ஏமாற்றத்துக்குப் பின் எஞ்சியவர்களுள் ஒரு பிரிவினர் தேதி சரி, இடம்தான் தவறு என்றனர்: தூய்மையாக்கப்படுவது விண்ணகத்தில் உள்ள திருத்தலம், அந்தப் பணி அந்நாளில் அங்கே தொடங்கிவிட்டது. 1863இல் அமைப்பாக உருவெடுத்த ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையின் தனித்துவமான போதனை இதிலிருந்து எழுந்தது. அச்சபையின் அறிஞர்கள் எபிரேயச் சொற்களின் வேறுபாட்டை அறியாதவர்கள் அல்லர். யோபு 4:17இல் அவ்விரு வேர்களும் இணைச்சொற்களாக வருவதைச் சுட்டிக்காட்டி, தூய்மை என்னும் பொருளுக்கும் இடமுண்டு என்று அவர்கள் வாதிடுகின்றனர். அது மதிக்கத்தக்க வாதமே. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆங்கிலச் சொல் முதலில் வழியைக் காட்டியது, எபிரேய ஆய்வு பின்னால் வந்து அவ்வழிக்கு அரண் அமைத்தது.

இரண்டாவது கதை இதைவிட நேரடியானது. புதிய ஏற்பாட்டில் 24 இடங்களில் வரும் 'பரூசியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'வருகை' என்றும் 'உடனிருப்பு' என்றும் பொருள் கொள்ளலாம். ஸ்தேவான் என்பவர் வந்து சேர்ந்ததைப் பவுல் இச்சொல்லால் குறிக்கிறார். பிலிப்பியருக்கு எழுதும்போது தாம் அவர்களோடு இல்லாமையைச் சொல்லும் சொல்லுக்கு எதிரிணையாகவும் இதையே வைக்கிறார். அரசனோ ஆளுநரோ ஒரு நகருக்கு எழுந்தருளுவதையும் அக்காலத்தவர் இச்சொல்லால் குறித்தனர். பெரும்பாலான மொழிபெயர்ப்புகள் கிறிஸ்துவைப் பற்றிய இடங்களில் 'வருகை' என்றே கொண்டன. 1864இல் பெஞ்சமின் வில்சன் வெளியிட்ட கிரேக்க–ஆங்கில வரியிடைப் பதிப்பான எம்ஃபாட்டிக் டயக்ளாட் 'உடனிருப்பு' என்று பெயர்த்தது.

மில்லரின் வழிவந்தோருள் ஒருவரான நெல்சன் பார்பர், கிறிஸ்து 1874இல் வருவார் என்று கணக்கிட்டிருந்தார். ஆண்டு கழிந்தது, எவரும் எதையும் காணவில்லை. அப்போது அவருடைய வட்டத்தில் ஒருவர் டயக்ளாட்டைத் திறந்து, மத்தேயு 24இல் வருகை என்னும் சொல்லுக்குப் பதில் உடனிருப்பு என்று இருப்பதைக் கண்டார். வருகை என்றால் கண்ணால் காணக்கூடிய நிகழ்வு. உடனிருப்போ காணப்படாமலும் இருக்கலாம். எனவே கிறிஸ்து 1874இலேயே கண்ணுக்குப் புலப்படாமல் வந்துவிட்டார், அது முதல் உடனிருக்கிறார் என்ற விளக்கம் பிறந்தது. 1876இல் பார்பரைச் சந்தித்த சார்லஸ் டேஸ் ரசல் இதை ஏற்றார். 1879இல் அவர் தொடங்கிய இதழின் பெயரிலேயே காவற்கோபுரத்தோடு கிறிஸ்துவின் உடனிருப்பை அறிவிப்பது என்னும் தொடரும் சேர்ந்தது. பிற்காலத்தில் யெகோவாவின் சாட்சிகள் எனப் பெயர் பெற்ற அவ்வமைப்பு ஆண்டை 1914க்கு மாற்றியது, சொல்லை மாற்றவில்லை. 1950இல் அவர்கள் வெளியிட்ட புதிய உலக மொழிபெயர்ப்பும் 'உடனிருப்பு' என்ற பொருளிலேயே நிற்கிறது.

இது தொலைதூரத்துச் சங்கதி அன்று. 1985இல் கேரளத்தில் மூன்று மாணவர்கள், பள்ளியின் காலைக் கூட்டத்தில் நாட்டுப்பண் ஒலித்தபோது மரியாதையாக எழுந்து நின்றனர், ஆனால் பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. யெகோவாவின் சாட்சிகளான அவர்களின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு, அவர்களை நீக்கியது கருத்துரிமைக்கும் மனச்சான்றின் உரிமைக்கும் முரணானது என்று கூறியது. சமயவுரிமை பற்றிய பாடங்களில் இன்றும் அத்தீர்ப்பு படிக்கப்படுகிறது. அம்மாணவர்களின் மௌனத்துக்கு வேர்கள் பல. கடவுளின் ஆட்சி 1914இலேயே விண்ணில் நிறுவப்பட்டுவிட்டது, தங்கள் பற்றுறுதி அதற்கே உரியது என்ற நம்பிக்கை அவற்றுள் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத அந்த ஆட்சி என்னும் கருத்தைப் பின்தொடர்ந்து சென்றால், ஏமாற்றத்துக்குப் பின் ஒரு வரியிடைப் பதிப்பில் கிடைத்த ஒற்றைச் சொல்லில் போய் முடியும்.

'உலகத்தின் முடிவு' என்னும் தொடருக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. மத்தேயு 24இன் தொடக்கத்தில் சீடர் கேட்கும் கேள்வியில் கிரேக்கம் 'ஐயோன்' என்கிறது. அது காலத்தைக் குறிக்கும் சொல். ஊழி, யுகம், காலகட்டம் என்று தமிழில் சொல்லலாம். படைக்கப்பட்ட உலகைக் குறிக்கக் கிரேக்கத்தில் 'கோஸ்மோஸ்' என்ற தனிச்சொல் இருக்கிறது. மத்தேயு 13இல் களைகள் பற்றிய உவமையின் விளக்கத்தில் இவ்விரண்டும் அடுத்தடுத்த வசனங்களில் வருகின்றன: நிலம் என்பது 'கோஸ்மோஸ்', அறுவடை என்பது 'ஐயோனின்' நிறைவு. கிங் ஜேம்ஸ் பதிப்பு இரண்டையும் ஒரே சொல்லாக்கியது. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பிலும் இரண்டும் 'உலகம்'தான். இந்தியில் 'ஜகத்' முடிகிறது. மலையாளத்தில் 'லோகாவசானம்' வருகிறது. இடம் முடிகிறதா, காலம் முடிகிறதா என்ற கேள்வியே வாசகருக்கு எழாமல் போகிறது.

இதை ஆங்கில மொழிபெயர்ப்பாளரின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆங்கிலத்தில் உலகைக் குறிக்கும் 'வேர்ல்டு' என்ற சொல்லே பழைய ஆங்கிலத்தில் 'மனிதன்', 'காலம்' என்ற இரு சொற்கள் சேர்ந்து உருவானது. மனிதரின் காலம் என்பதே அதன் தொடக்கப் பொருள். இலத்தீனின் 'சேக்குலும்' என்னும் சொல்லும் தலைமுறை, காலம் என்று தொடங்கி உலகம் என்ற பொருளை நோக்கி நகர்ந்ததுதான். மொழிபெயர்ப்பு நின்ற இடத்திலேயே நின்றது. சொல்லின் பொருள் அதன் காலடியில் நகர்ந்துவிட்டது. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் 9:26இல் இதன் விளைவு வியப்பூட்டும். கிறிஸ்து யுகங்களின் நிறைவில் தோன்றிவிட்டார் என்று கிரேக்கம் சொல்கிறது. அதைக் கிங் ஜேம்ஸ் பதிப்பின் சொல்லால் படித்தால், உலகத்தின் முடிவு முதல் நூற்றாண்டிலேயே வந்துவிட்டதாகும். 1946இல் வெளியான திருத்திய அமெரிக்கப் பதிப்பின் புதிய ஏற்பாடு மத்தேயு 24இல் யுகம் என்ற பொருளுக்குத் திரும்பியது. அதன்பின் வேறொரு வாசிப்புக்கும் கதவு அகலத் திறந்தது: ஆலயத்தில் ஒரு கல்லின்மேல் மற்றொரு கல் நில்லாது என்ற பேச்சைத் தொடர்ந்து எழுந்த அந்தக் கேள்வி, கி.பி. 70இல் ஆலயம் இடிந்ததோடு முடிந்த ஒரு காலகட்டத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

தமிழுக்கு 'யுகம்' என்ற சொல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. யுகம் என்றவுடன் நான்கு யுகங்களின் சுழற்சி நினைவில் எழும். முடிந்த கலி மீண்டும் கிருதமாகத் தொடங்கும். ஒரே ஒருமுறை நேராகச் செல்லும் காலத்தைச் சொல்ல வந்த நூல், சுழலும் காலத்தின் சொல்லை எடுத்துக்கொண்டால் வேறொரு திரிபு நேரும். மொழிபெயர்ப்பாளர் முன் பெரும்பாலும் சரி, தவறு என்ற இரு பாதைகள் இருப்பதில்லை. இருவேறு இழப்புகளே இருக்கின்றன.

சில இடங்களில் தமிழ் ஆங்கிலத்தைவிட மூலத்துக்கு அருகில் நிற்கிறது. 1 தெசலோனிக்கேயர் 4:17 இன்றைய கடைசிக்காலப் போதனைகளில் பேரளவு எடையைச் சுமக்கும் வசனம். 'பறித்தல், வாரி எடுத்தல்' என்று பொருள்படும் கிரேக்க வினை அங்கே வருகிறது. இலத்தீன் விவிலியம் அதற்கு இட்ட வினையிலிருந்தே ஆங்கிலத்தின் 'ராப்ச்சர்' என்ற பெயர்ச்சொல் கிளைத்தது. கிங் ஜேம்ஸ் பதிப்பில் அச்சொல் எங்கும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் அதற்குப் பேரின்பப் பரவசம் என்ற பொருளும் உண்டு. கோட்பாட்டின் பெயரிலேயே மகிழ்ச்சி குடியேறிவிட்டது. 1830களில் ஜான் நெல்சன் டார்பி பரப்பிய விளக்கத்தின்படி, துன்பக்காலத்துக்கு முன்பே திருச்சபை மறைவாக எடுத்துக்கொள்ளப்படும். 1909இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் வெளியிட்ட ஸ்கோஃபீல்டு விளக்கவுரை விவிலியம், இக்கருத்தை வசனத்துக்கு அடியிலேயே குறிப்பாக அச்சிட்டது. ஒரே தாள், ஒரே மை, ஒரே தோல் அட்டை. வசனம் எங்கே முடிகிறது, குறிப்பு எங்கே தொடங்குகிறது என்பதைப் படிக்கும் கண் பிரித்தாலும் நினைவு பிரிப்பதில்லை.

அந்த வசனத்தில் இன்னொரு சொல் இருக்கிறது: 'அப்பான்தேசிஸ்'. ஆங்கிலம் இதை வெறும் 'சந்திப்பு' ஆக்கியது. புதிய ஏற்பாட்டில் இது வரும் மற்ற இடங்களைப் பார்த்தால் ஒரு வடிவம் தெரியும். மத்தேயு 25இல் கன்னியர் மணமகனைக் காண வெளியே செல்கின்றனர். அவரோடு திருமண வீட்டுக்குத் திரும்பி வருகின்றனர். திருத்தூதர் நடபடிகள் 28இல் உரோமைச் சகோதரர் பவுலைக் காண அப்பியு சதுக்கம்வரை செல்கின்றனர். அவரோடு நகருக்குத் திரும்புகின்றனர். நான்காம் நூற்றாண்டின் கிறிசோஸ்தோமும் இவ்வசனத்தை அரசனை நகருக்கு வெளியே சென்று வரவேற்கும் குடிகளின் செயலோடு ஒப்பிட்டார். இப்பொருளில் கொண்டால், விசுவாசிகள் பூமியை விட்டு ஓடிப்போகவில்லை. வருகிறவரை அழைத்துவரப் போகின்றனர். எல்லா அறிஞரும் இதை ஏற்பதில்லை. அச்சொல் எப்போதும் திரும்பி வருதலை உள்ளடக்கியதா என்ற விவாதம் தொடர்கிறது.

தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு இங்கே கையாண்ட சொல் 'எதிர்கொண்டுபோக' என்பது. மணமகனையும் விருந்தினரையும் ஊர் எல்லைக்குச் சென்று மேளதாளத்தோடு எதிர்கொண்டு அழைத்துவரும் வழக்கம் உள்ள சமூகத்தில், இச்சொல்லின் பின்பாதியை எவரும் விளக்க வேண்டியதில்லை. எதிர்கொள்ளப் போனவர் விருந்தினரோடு வீட்டுக்குத் திரும்புவார். கிரேக்கச் சொல்லின் உள்ளிருந்த காட்சி தமிழில் சேதமின்றி வந்து சேர்ந்தது. ஆனால் தமிழ்ப் பெந்தெகொஸ்தே மேடைகளில் நிலைத்தது 'எதிர்கொள்ளுதல்' அன்று. 'எடுத்துக்கொள்ளப்படுதல்' என்பதும், 'இரகசிய வருகை' என்பதுமே நிலைத்தன. வசனமோ பிரதான தூதனின் குரலையும் எக்காள ஒலியையும் பேசுகிறது; இரகசியம் என்ற சொல் அதில் இல்லை. தன் மொழியின் விவிலியத்தில் தெளிவாக இருந்த பொருளை, வேற்றுமொழிக் கோட்பாட்டின் கலைச்சொல் மூடிவிட முடியும் என்பதற்கு இது சான்று. மொழிபெயர்ப்பு நம்பிக்கையை வடிவமைக்கிறது என்பது உண்மை. மேடையும் குறிப்பும் பாடலும் மொழிபெயர்ப்பை வெல்லும் என்பதும் அதே அளவு உண்மை.

மறுதலையாக, ஒரு மொழியில் திறந்திருக்கும் கதவு இன்னொன்றில் அடைபட்டிருப்பதும் உண்டு. 2 தெசலோனிக்கேயர் 2:3இல் வரும் 'அப்போஸ்டாசியா' என்பதை டிண்டேலும் ஜெனீவா விவிலியமும் 'பிரிந்து செல்லுதல்' என்று பெயர்த்தனர். கிங் ஜேம்ஸ் பதிப்பு 'வழுவி விழுதல்' என்றது. இருபதாம் நூற்றாண்டில் சில போதகர்கள் அந்தப் பழைய ஆங்கிலச் சொல்லை மீட்டெடுத்து, பிரிந்து செல்வது என்றால் சபை பூமியை விட்டுச் செல்வதே என்று வாதிட்டனர். இந்த வாதத்தைத் தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரும் செய்ய இயலாது. அங்கே இருப்பது 'விசுவாச துரோகம்'. மூலத்தில் தனித்து நிற்கும் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் முன்னொட்டாக ஒரு விளக்கத்தைச் சேர்த்தார். ஒரு கோட்பாட்டுக்கான வாசல் அதனால் முன்கூட்டியே சாத்தப்பட்டது.

மொழிபெயர்க்காமல் அப்படியே ஒலிபெயர்த்துவிட்டால் இத்தகைய சிக்கல் வராது என்று தோன்றலாம். 'அந்திக்கிறிஸ்து' என்ற சொல்லைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். கிரேக்கத்தில் 'அன்டி' என்பது எதிர், பதிலாக என்று பொருள்படும் முன்னொட்டு. தமிழ் எழுத்தில் அது 'அந்தி' ஆனது. அந்தி என்றால் தமிழில் பொழுது சாயும் வேளை. 'அந்தம்' என்னும் சொல்லும் ஒலியில் அருகிலேயே இருக்கிறது. கிரேக்கம் அறியாத தமிழ்ச் செவிக்கு, எதிர்ப்பவன் என்பதைவிடக் காலத்தின் மாலையில் வருபவன் என்ற பொருளே இயல்பாக ஒட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. யோவானின் முதலாம், இரண்டாம் திருமுகங்களில் மட்டுமே வரும் இச்சொல், பலர் ஏற்கெனவே தோன்றிவிட்டதாகப் பன்மையில் பேசுகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் இது ஒருமுறைகூட வரவில்லை. ஆயினும் அந்நூலின் மிருகத்துக்கு மக்கள் வழங்கும் பெயர் இதுவே. 1995இல் வெளியான திருவிவிலியம் 'எதிர்க்கிறிஸ்து' என்று பெயர்த்தபோது, ஒலியின் மயக்கம் நீங்கிப் பொருள் வெளிப்பட்டது.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்க்கும்போது, மொழிபெயர்ப்பு காரணம், நம்பிக்கை விளைவு என்று ஒரே திசையில் அம்புக்குறி வரையத் தோன்றும். 1534இல் ஆன்ட்வெர்ப் நகரில் நடந்த சண்டை அதைத் தடுக்கிறது. வில்லியம் டிண்டேலின் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டைத் திருத்தி அச்சிட்ட ஜார்ஜ் ஜாய், சில இடங்களில் 'உயிர்த்தெழுதல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, இவ்வாழ்வுக்குப் பின்னான வாழ்வு என்ற பொருளில் ஒரு தொடரை இட்டார். இறந்தவரின் ஆன்மா இறுதிநாள்வரை உறங்குவதில்லை, உடனே வாழ்வுக்குள் செல்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. அதற்கு இடம்கொடுக்கச் சொல்லை மாற்றினார். டிண்டேல் கடுஞ்சினம் கொண்டு, அதே ஆண்டில் வந்த தம் திருத்திய பதிப்பில் அதைக் கண்டித்து எழுதினார். இங்கே நம்பிக்கை முதலில் வந்தது. மொழிபெயர்ப்பு அதன் பின்னே நடந்தது. பெரும்பாலான நேர்வுகளில் இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவருகின்றன.

இந்தச் சுற்றில் இன்றைய உலகுக்கு மிக நெருக்கமாக நிற்பது 2 பேதுரு 3:10. ஆண்டவரின் நாளில் பூமிக்கும் அதிலுள்ள செயல்களுக்கும் என்ன நேரும் என்று அது சொல்கிறது. கிங் ஜேம்ஸ் பதிப்புக்கு அடிப்படையான கிரேக்கப் பாடத்தில் 'எரிந்துபோகும்' என்ற வினை இருந்தது. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பும் எரிந்து அழிவதையே சொல்கிறது. ஆனால் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாயித்திக்கு, வத்திக்கான் ஆகிய பழம்பெரும் ஏடுகளில் இருப்பது 'கண்டறியப்படும்' என்ற வினை. எனவே பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் சில, பூமி வெளிப்படுத்தப்படும், அம்பலமாகும் என்ற பொருளுக்கு வந்தன. 2012இல் வெளியான நெஸ்லே–ஆலந்து 28ஆம் பதிப்போ, 'கண்டறியப்படாது' என்று எதிர்மறையைச் சேர்த்தது. தொல்பழங்கால மொழிபெயர்ப்புகளில் அதற்கு ஆதரவு உண்டு. எந்தக் கிரேக்கக் கையெழுத்துப் படியிலும் இல்லை.

பூமி எரிந்து சாம்பலாகும் என்று நம்புகிறவருக்கும், பூமியும் அதில் மனிதர் செய்தவையும் நெருப்பில் இட்ட உலோகம்போல் சோதிக்கப்பட்டு வெளிப்படும் என்று நம்புகிறவருக்கும் ஆற்றங்கரை மணல் ஒரே பொருளாக இராது. முதலாமவர் எரியப்போகும் வீட்டுக்கு ஏன் வெள்ளை அடிக்க வேண்டும் என்று கேட்கலாம். எல்லாரும் கேட்பதில்லை, ஆனால் கேட்பதற்கு அவருக்கு ஒரு வசனம் இருக்கிறது. இரண்டாமவருக்கோ, ஆறும் காடும் தன் கைச்செயலும் ஒருநாள் கணக்கில் வரும். அடுத்த தலைமுறைக்கு நீரும் நிலமும் எவ்வாறு விடப்படும் என்ற கேள்வியில், ஒரு வினைச்சொல்லின் பாடபேதம் இவ்வளவு தூரம் செல்கிறது.

இதற்கு மருந்து குறையற்ற மொழிபெயர்ப்பு ஒன்றைக் கண்டுபிடிப்பது அன்று. அப்படி ஒன்று எம்மொழியிலும் இல்லை. மில்லரின் மேசையில் இரண்டாவதாக வேறொரு மொழிபெயர்ப்பு இருந்திருந்தால், தானியேல் 8:14இல் அவர் சற்றே தயங்கியிருக்கக்கூடும். அந்த வகையில் இந்திய வாசகருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. தமிழோடு ஆங்கிலம், அல்லது மலையாளத்தோடு இந்தி என்று இரு மொழிகளில் படிப்பது இங்கே பலருக்கு அன்றாட வழக்கம். 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் அச்சிட்ட புதிய ஏற்பாடு முதல் 1871இன் பழைய மொழிபெயர்ப்பு, 1995இன் திருவிவிலியம் என்று தமிழுக்குள்ளேயே பல அடுக்குகள் இருக்கின்றன. 'உலகத்தின் முடிவு' என்று ஒரு பக்கத்திலும் 'யுகத்தின் நிறைவு' என்று மறுபக்கத்திலும் கண்டால், இரண்டில் எது மெய் என்று உடனே தீர்ப்பளிக்கத் தேவையில்லை. அங்கே ஒரு மனிதர் அமர்ந்து ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதைக் கண்டுகொண்டால், நாள்குறித்துச் சொல்லும் அடுத்த போதகர் வரும்போது வயலை அறுக்காமல் விடுமுன் அடிக்குறிப்பைப் பார்க்கத் தோன்றும்.